நிலைபேறு எவருக்கு?

பேர்த் நகரில் வசிக்கும் என் பல்கலைக்கழகக் காலத்து நண்பர் ஒருவர், 2025 ஏப்ரலுக்குப் பின்னர் எனக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் அதற்கு முந்திய பத்தாண்டுகளில் அனுப்பியவற்றைவிட அதிகம். எல்லாம் ஒரே விடயம் பற்றியவை. சீனா அருமண் மூலகங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திவிட்டது, உலகம் தவிக்கிறது, புல்மோட்டைக் கடற்கரையில் அந்த மண் கிடக்கிறது, நாமோ அதன் மேல் நின்றுகொண்டு பிச்சை கேட்கிறோம். இதுதான் அவரது வாதத்தின் சாரம். கடைசி மின்னஞ்சலில் "உலகுக்கு நிலைபேறான வழங்கலை நமது கடற்கரை உறுதிசெய்யலாம்" என்று ஒரு வசனம் இருந்தது. அவர் எழுதிய தமிழ் அன்று அது. ஏதோவொரு கம்பனியின் அறிக்கையிலிருந்து பெயர்த்தெடுத்தது என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது.

ஐரோப்பாவில் வசிக்கும் இன்னொரு வாசகர் இதற்கு நேர்மாறானவர். முப்பதாண்டு யுத்தமே இந்த மணலில் உள்ள தோரியத்துக்காகத்தான் நடந்தது என்பது அவரது முடிவு. ஆதாரம் கேட்டால் ஒரு காணொளியின் முகவரியை அனுப்புவார்.

இருவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் கலைப்பீடத்தில் படித்தவன். இரசாயனம் என் துறையன்று. ஆயினும் முப்பதாண்டுகளுக்கு மேலாகச் செய்தி மேசையில் இருந்தவனுக்கு ஒரு சொல் எங்கே நேர்மையாகப் பயன்படுகிறது, எங்கே வேடம் போடுகிறது என்று ஓரளவு தெரியும். 'நிலைபேறான வழங்கல்' என்பது வேடம் போடும் சொல். வாங்குபவனுக்கு வரத்து நிற்கக்கூடாது என்பதே அதன் உள்ளர்த்தம். தோண்டப்படும் இடத்தில் எது நிலைக்கும், எது அழியும் என்ற கேள்வி அதற்குள் இல்லை.

முதலில் பெயரையே எடுத்துக்கொள்வோம். அருமண் என்று நாம் அழைக்கும் பதினேழு மூலகங்களில் பெரும்பாலானவை அரியவை அல்ல. சீரியம் புவியோட்டில் ஈயத்தைவிட அதிகமாக உள்ளது. 1787 இல் சுவீடனின் இற்றர்பி என்ற கிராமத்துக் கற்குழியில் கிடைத்த கறுப்புக் கல்லொன்றிலிருந்து இந்தக் குடும்பத்தின் கதை தொடங்கியது. அன்று அபூர்வமாகத் தோன்றியதால் வந்த பெயர் நிலைத்துவிட்டது. உண்மையான சிக்கல் வேறு. இவை ஒன்றாகவே கிடைக்கின்றன, இரசாயன நடத்தையில் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. ஒரு தாயின் பிள்ளைகளை இருட்டில் நிறுத்தி, குரலை மாத்திரம் கேட்டுப் பெயர் சொல்லச் சொன்னால் எப்படியிருக்கும்? நியோடிமியத்தைப் பிரசியோடிமியத்திலிருந்து பிரிப்பது அப்படிப்பட்ட வேலை. அமிலத்திலும் கரைப்பானிலும் நூற்றுக்கணக்கான தடவைகள் திரும்பத் திரும்பக் கழுவிப் பிரிக்கவேண்டும். மொனசைற் போன்ற கனியங்களில் தோரியமும் யுரேனியமும் கூடவே இருப்பதால், பிரித்து முடிந்ததும் கதிர்வீச்சுள்ள கழிவு மிஞ்சும். அக்கழிவைத் தன் ஊரில் வைத்திருக்கச் சம்மதிக்கும் இடமே உலகில் அரிதானது. எனக்குத் தெரிந்தவரை அருமண் வர்த்தகத்தின் அரைநூற்றாண்டு வரலாறு, அப்படி ஓர் இடத்தைத் தேடி அலைந்த வரலாறுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெற்றோமக்ஸ் விளக்கில் கட்டி எரிப்போமே, வெண்ணிற வலைப்பை, 'மென்டில்' என்போம், அதுதான் இந்த மண்ணுக்கு முதலில் கிடைத்த பெருஞ்சந்தை. அதில் பெரும்பங்கு தோரியம். சீரியம் ஒரு சிட்டிகை. அந்நாளில் புதையல் தோரியமே. அதை எடுத்தபின் எஞ்சிய அருமண் குவியலை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தார்கள். மென்டிலைக் கண்டுபிடித்த ஒஸ்திரிய இரசாயனவியலாளர் அவுவர் வொன் வெல்ஸ்பாக், அந்தக் குப்பைக்கு ஒரு வழிதேடித்தான் சிகரெட் லைற்றரில் பொறிதட்டும் கல்லை உருவாக்கினார். நமது ஆனந்த குமாரசுவாமி, கலை விமர்சகராவதற்கு முன், இலங்கைக் கனியவள ஆய்வின் பணிப்பாளராக இருந்த காலத்தில், 1904 இல், சப்ரகமுவவில் தோரியனைற் என்ற புதிய கனியத்தை உலகுக்கு அறியத்தந்தவர். அது அன்று பெரிய செய்தி. இன்று தோரியம் யாரும் பொறுப்பேற்க விரும்பாத கழிவு; அன்றைய குப்பை இன்றைய புதையல். பெயர்கள் இடம் மாறிவிட்டன. தோண்டப்பட்ட கரைகளில் இருந்தவர்களின் நிலை மாத்திரம் மாறவில்லை.

1965 தொடக்கம் இருபது ஆண்டுகள் வரை உலகத் தேவையின் பெரும்பங்கைக் கொடுத்தது கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம். 1990களில் அதன் கழிவுநீர்க் குழாய் வெடித்து மொஹாவே பாலைவனத்தில் கசிந்தது. அமெரிக்காவின் சுற்றாடல் சட்டம் அதற்குக் கணக்குக் கேட்டது. அதேவேளை சீனா மலிவாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2002 இல் சுரங்கம் மூடப்பட்டது. சீனாவால் எப்படி மலிவாகக் கொடுக்க முடிந்தது? உள்மொங்கோலியாவின் பாயன் ஒபோவில் இரும்புத்தாதின் உபவிளைவாக அருமண் வந்தது என்பது ஒரு காரணம். தொழினுட்பத்தில் சீனா பல்லாண்டுகள் உழைத்துப் பெற்ற தேர்ச்சி இன்னொன்று. இவ்விரண்டையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. மூன்றாவது காரணம் பாவோதூ நகரின் புறத்தே, மஞ்சள் நதிக்கு ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தொலைவில் கிடக்கும் கழிவுக் குளம். அதன் ஓரத்திலிருந்த விவசாயக் கிராமங்கள் தண்ணீர் கெட்டு, பயிர் கெட்டு, குடியெழும்பின. அந்த நட்டத்தை எந்த விலைப்பட்டியலிலும் சேர்க்கவில்லை. வாங்கியவர்களும் கேட்கவில்லை.

2010 செப்டெம்பரில் சென்காக்கு தீவுகளுக்கு அருகே சீன மீன்பிடிப் படகொன்று ஜப்பானியக் கரையோரக் காவற் கப்பல்களுடன் மோதிய விவகாரத்தின்போது ஜப்பானுக்கான வரத்து தடைப்பட்டதே, அப்பொழுதுதான் உலகம் விழித்தது. விலை ஏறியது; மவுண்டன் பாஸ் மீண்டும் திறந்தது; விலை இறங்கியது; அதை நடத்திய மொலிகோர்ப் கம்பனி 2015 இல் வங்குரோத்தாகியது. பின்னர் அதே சுரங்கத்தைப் புதிய கம்பனி வாங்கி, தோண்டிய தாதைப் பிரிப்பதற்காகச் சீனாவுக்கே கப்பலேற்றியது. 2025 ஏப்ரல் 4 ஆம் திகதி சமாரியம், டிஸ்புரோசியம், தேர்பியம் உட்பட ஏழு மூலகங்களுக்குச் சீனா ஏற்றுமதி அனுமதி கட்டாயம் என்று அறிவித்தபோதுதான் அந்தக் கப்பலேற்றம் நின்றது. சில வாரங்களில் போர்ட் கம்பனியின் சிக்காகோ ஆலையும் ஜப்பானில் சுசுக்கியின் சுவிப்ட் உற்பத்தியும் சில நாட்கள் முடங்கின. ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் மவுண்டன் பாஸ் கம்பனியில் 400 மில்லியன் டொலர் முதலிட்டு மிகப் பெரிய பங்குதாரராகியது. நியோடிமியம்-பிரசியோடிமியத்துக்குக் கிலோவுக்கு 110 டொலர் என்று அடிவிலையும் உறுதி கூறியது. சந்தையைப் பற்றி நமக்குப் பாடம் நடத்தியவர்கள் இவர்கள்.

பாதுகாப்புத் திணைக்களம் என்பதைக் கவனிக்கவேண்டும். மின்சார வாகனம், காற்றாலை, பசுமை எரிசக்தி என்றே இந்த மண்ணுக்கு விளம்பரம் செய்யப்படுகிறது. எப்-35 போர்விமானம் ஒன்றுக்கு 400 கிலோவுக்கு மேல் அருமண் பொருட்கள் தேவை என்பதும் அமெரிக்காவே கூறிய கணக்குத்தான். குண்டுவீச்சு விமானம் தலைக்கு மேல் வந்துபோன ஊர்களில் பிறந்த நாம், 'உலகின் தேவை' என்ற சொல்லைக் கேட்டதும் உடனே தலையாட்டிவிடக் கூடாது.

இனி மலேசியாவுக்கு வருகிறேன். இதில் எனக்கு ஒரு கடன் உண்டு.

1993 ஆம் ஆண்டின் இறுதி. கொழும்பில் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்து அதிக காலமாகவில்லை. வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்ப்பது என் வேலை. நத்தாருக்கு முந்திய ஓர் இரவில், மலேசிய உயர்நீதிமன்றம் ஒன்றின் தீர்ப்பைப் பற்றிய தந்தி வந்தது. பக்கத்தில் இடமில்லை. மூன்று வரிகளில் முடித்து, பல்பொடி விளம்பரத்துக்குக் கீழே செருகினேன். ஊரின் பெயர்கூட அதில் இடம்பெறவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த ஊர் ஈப்போவுக்கு அருகிலுள்ள புக்கிட் மேரா. ஜப்பானின் மிற்சுபிஷி குழுமத்து இரசாயனக் கம்பனி பங்குதாரராக இருந்த ஏசியன் ரெயார் ஏர்த் என்ற ஆலை அங்கு 1982 இல் இயங்கத் தொடங்கியது. வெள்ளீயச் சுரங்கங்களின் கழிவு மணலில் கிடைத்த மொனசைற்றிலிருந்து அருமண் பிரிப்பது அதன் தொழில். தோரியக் கழிவை எங்கே, எப்படி வைப்பது என்பதற்குச் சரியான ஏற்பாடு இருக்கவில்லை. கழிவு என்னவென்று அறியாமலேயே அதைச் சுற்றி மக்கள் வாழ்ந்தார்கள். பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தபோது கேள்விகள் எழுந்தன. 1985 இல் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பெரும்பாலும் சாதாரணத் தொழிலாளர்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 1992 ஜூலையில், ஈப்போ மேல்நீதிமன்றம் ஆலையை மூடும்படி கட்டளையிட்டது. 1993 டிசெம்பர் 23 ஆம் திகதி நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. நான் மூன்று வரிகளில் முடித்தது அந்தத் தீர்ப்பைத்தான்.

வழக்கில் தோற்றவர்களே கடைசியில் வென்றார்கள் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. எதிர்ப்பைத் தாங்கமுடியாமல் கம்பனி 1994 ஜனவரியில் ஆலையை மூடியது. கழிவை அள்ளி மலையொன்றில் புதைத்துச் சுத்திகரிக்க ஏறத்தாழ 100 மில்லியன் டொலர் செலவானது. வேலை 2011 அளவிலும் முடிந்திருக்கவில்லை. ஆலை இயங்கிய காலம் பன்னிரண்டு ஆண்டுகள்கூட இல்லை. அதன் தோரியத்துக்குக் காவலிருக்கவேண்டிய காலத்தைக் கணக்கிட மனித வரலாறு போதாது. 'மலிவு' என்று விற்கப்பட்ட அருமண்ணின் மெய்யான விலை இதுதான். அதைப் பற்றுச்சீட்டில் எழுதாமல் விட்டதால் மலிவாகத் தோன்றியது.

அதே மலேசியாவின் குவாந்தானில் அவுஸ்திரேலியாவின் லைனாஸ் கம்பனி 2012 முதல் ஓர் ஆலையை நடத்துகிறது. 2025 இல் சீனாவுக்கு வெளியே டிஸ்புரோசியத்தை வர்த்தக அளவில் பிரித்த முதல் ஆலை என்று அதைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு நியாயமானது. ஆனால் தாது தோண்டப்படுவது மேற்கு அவுஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டில். வெட்டவெளிப் பாலைநிலம் அத்தனை கிடக்கும் கண்டத்தில் தோண்டியதை, கதிர்வீச்சுக் கழிவு உண்டாகும் கட்டத்துக்கு மாத்திரம் சனநெருக்கமான மலேசியக் கரைக்கு ஏன் கொண்டுவந்தார்கள்? குவாந்தான் மக்கள் ஆண்டுக்கணக்கில் இதைக் கேட்டு ஊர்வலம் போனபின், மலேசிய அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் நிபந்தனை விதித்த பின்னரே, தாதை உடைத்துக் கரைக்கும் ஆலையொன்று அவுஸ்திரேலியாவின் கல்கூர்லியில் எழுந்தது. கேட்டதால் நடந்தது என்பதை என் பேர்த் நண்பர் குறித்துக்கொள்ளவேண்டும்.

கேட்க முடியாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குக் கச்சின் மலைகள் இருக்கின்றன. சீனா தன் நாட்டுக்குள் கட்டுப்பாடுகளை இறுக்கியதும், டிஸ்புரோசியமும் தேர்பியமும் எல்லைக்கு அப்பால், வட மியன்மாரின் பங்வா, சிப்வி மலைகளிலிருந்து வரத் தொடங்கின. மலையில் துளையிட்டு அமோனியம் சல்பேற்றுக் கரைசலைச் செலுத்துவார்கள். அது மண்ணுக்குள்ளே அருமண்ணைக் கரைத்துக்கொண்டு அடிவாரத்தில் வடியும். நீலத் தார்ப்பாய் விரித்த குளங்களில் அதைப் பிடித்துப் படியவைப்பார்கள். மலை தீர்ந்ததும் அடுத்த மலை. 2021 இராணுவப் புரட்சிக்குப் பின் இது கட்டுக்கடங்காமல் பெருகியது. முதலில் இராணுவத்தோடு நின்ற ஆயுதக்குழு வரி வாங்கியது. 2024 ஒக்டோபரில் பங்வாவைக் கைப்பற்றிய கச்சின் விடுதலை இராணுவம் அதன் பின் வரி வாங்கியது. யார் வாங்கினாலும் ஓடைத் தண்ணீர் குடிப்பவன் அதே கிராமத்தான். இதற்கு மேல் நம்மவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ஐரோப்பாவின் மின்சார வாகனத்தில் இந்த மலையின் துகள் இருக்கலாம். இல்லை என்று எந்தக் கம்பனியாலும் சத்தியம் செய்ய முடியாது.

தமிழ்நாட்டுக் கரைக்கு வருவோம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலின் மதிப்பு வெளியுலகுக்குத் தெரியவந்தது 1909 இல். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு ஷொம்பேர்க் என்ற ஜேர்மனியர் தேடி வந்தார். அவர் தேடியதும் மென்டிலுக்கான தோரியம்தான். சுதந்திர இந்தியா 1950 இல் இந்திய அருமண் நிறுவனத்தை அரச கம்பனியாக ஆரம்பித்தது. அந்நிய நாடுகள் கச்சா மணலை அள்ளிப் போவதைத் தடுத்து, உள்நாட்டிலேயே பிரிக்கும் ஆற்றலை உண்டாக்கியது தூரநோக்குள்ள காரியம். இதை மனமாரச் சொல்கிறேன். அப்படியிருந்தும் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் கணக்கில் 69 இலட்சம் தொன் இருப்புள்ள இந்தியா, 2024 இல் உற்பத்தி செய்தது ஏறத்தாழ 2,900 தொன். அதே ஆண்டில் சீனா 270,000 தொன். எனவே டில்லிக்கு அவசரம் வந்தது.

அந்த அவசரம் யார் தலையில் விடிந்தது? கிள்ளியூர் வட்டாரத்துக் கடற்கரைக் கிராமங்களில் ஏறத்தாழ 1,144 ஹெக்டேயரில் மணல் அகழும் திட்டம் வந்தது. 2024 ஒக்டோபரில் நடக்கவிருந்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம், மக்களின் எதிர்ப்பால் ஒத்திவைக்கப்பட்டது. ஓராண்டு செல்லுமுன், 2025 செப்டெம்பரில், அணுக் கனியங்களுக்கும் முக்கிய கனியங்களுக்கும் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று மத்திய சுற்றாடல் அமைச்சு அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. மக்களிடம் கேட்டால் வேண்டாம் என்கிறார்கள். ஆகவே கேட்பதை நிறுத்திவிடுவோம். இதற்குத் தேசியப் பாதுகாப்பு என்று பெயர். தமிழக முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் அதை மீளப்பெறும்படி பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

மறுதரப்பின் வாதத்தையும் சொல்லவேண்டும். அந்தக் கரைகளில் இயற்கையிலேயே கதிர்வீச்சு அதிகம், மொனசைற்றை அகற்றினால் அது குறையும் என்கிறார்கள். பக்கத்துக் கேரளத்தின் கருநாகப்பள்ளியில் பல்லாயிரம் பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்து 2009 இல் வெளியான ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாகக் காட்டவில்லை என்பதும் உண்மை. எதிர்ப்பாளர்களில் சிலர் இதை மறைத்துப் பேசுவது எனக்கு உடன்பாடன்று. பொய்யான பயம் நல்ல வழக்கையும் கெடுத்துவிடும். ஆனால் ஒரு மீனவக் கிராமத்துக்கு மணல் என்பது கதிர்வீச்சு மாத்திரமா? கடல் ஏறாமல் காக்கும் அரண் அது. வள்ளம் இழுக்கும் துறை அது. குடிநீர்க் கிணற்றின் வடிகட்டி அது. இந்தக் கணக்குகளைச் சொல்லும் ஒரே மேடை கருத்துக்கேட்புக் கூட்டம். அதைத்தான் எடுத்துவிட்டார்கள்.

இப்பொழுது நமது புல்மோட்டை.

யுத்தநிறுத்த காலத்தில், 2003 இல், திருகோணமலையிலிருந்து வடக்கே அந்தக் கரைக்குப் போயிருந்தேன். கரைவலைச் சம்மாட்டியான வயதான முஸ்லிம் பெரியவர் ஒருவர், வாடியின் நிழலில் இருந்தபடி கறுத்த மணலை அள்ளிக் காட்டினார். "தம்பி, கப்பல் வாறதும் தெரியும், மண் போறதும் தெரியும். எங்க போகுது, என்னத்துக்குப் போகுதெண்டு இந்த ஊரில ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். 1957 இல் அரச கூட்டுத்தாபனம் அமைந்தது முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியிருந்தது அப்போது.

எங்கே போகிறது என்று அவருக்குச் சொல்லியிருக்கலாம். அந்த மணலின் பெரும்பங்கு இல்மனைற். அதிலிருந்து வருவது சுவருக்குப் பூசும் வெள்ளை நிறமி. கூடவே றூட்டைல், சேர்க்கோன். அருமண் உள்ள மொனசைற் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நண்பரே, உங்கள் புதையல் இவ்வளவுதான். அதைப் பிரிக்கும் ஆலை நம்மிடம் இல்லை. அதன் தோரியத்தைக் காக்கும் ஏற்பாடு இல்லை. பெரும்பங்கான இல்மனைற்றையே பெறுமதி சேர்க்காமல் மணலாகவே விற்றுவந்த நாடு இது. ஐரோப்பிய வாசகருக்கும் சொல்கிறேன்: 1997 இல் புல்மோட்டைக்கு அப்பால் கனிய மணல் ஏற்றவந்த கோர்டியலிற்றி என்ற கப்பல் விடுதலைப் புலிகளால் தாக்கப்பட்டது உண்மை. அது ஏற்றவந்ததும் இல்மனைற்றே. தோரியத்துக்காக யுத்தம் நடந்தது என்று சொல்வது, அந்த யுத்தத்துக்கு மெய்யாகவே இருந்த காரணங்களை மறைப்பதாகும்.

மன்னார்த் தீவு விடயமும் அப்படியே. பேர்த் நகரைத் தளமாகக் கொண்ட ரைற்றானியம் சாண்ட்ஸ் என்ற கம்பனி அங்கு ஆய்வு அனுமதிப்பத்திரங்கள் பெற்றது இல்மனைற்றுக்காக. அருமண்ணுக்காக அன்று. ஆனால் 'முக்கிய கனியம்' என்ற புதிய மந்திரம் இரண்டையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவருகிறது; கிள்ளியூருக்குச் சொன்ன நியாயம் நாளை மன்னாருக்கும் சொல்லப்படும். மன்னார்த் தீவு கடல்மட்டத்துக்குச் சற்றே மேலெழுந்த மணல்திட்டு. மணலுக்குள் தேங்கும் மழைநீர், உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அதுவே கிணற்று நீர். அந்த மணலை ஆழத் தோண்டினால் கிணற்றில் என்ன ஊறும் என்பதைச் சொல்ல விஞ்ஞானி தேவையில்லை. மண் மாதிரி எடுக்க வந்த அதிகாரிகளை ஊரவர்கள் பலமுறை திருப்பியனுப்பினார்கள். 2025 ஓகஸ்டில் காற்றாலைகளையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து மன்னார் நகரமே தெருவில் இறங்கியது. பசுமை எரிசக்திக்கு எதிரானவர்கள் என்று கொழும்பில் சிலர் அவர்களைக் கேலி செய்தார்கள். தங்களைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள் என்றுதான் அவர்கள் கூறினார்கள்.

இதற்கு நமது நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. அது ஏன் தமிழ்ப் பத்திரிகைகளில் பேசப்படுவதில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலைப் பொசுபேற்றுப் படிவத்தை அமெரிக்கக் கம்பனிகளுக்கு முப்பதாண்டுகளுக்குக் கொடுக்க 1990களில் அரசாங்கம் முயன்றது. அந்தப் பாறையிலும் அருமண் மூலகங்கள் உண்டு. விவசாயிகளும் பிக்கு ஒருவரும் உயர்நீதிமன்றம் சென்றார்கள். 2000 ஜூனில் நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு, இயற்கை வளங்களுக்கு அரசு உரிமையாளன் அன்று, மக்களுக்காகவும் வருங்காலச் சந்ததிக்காகவும் பொறுப்பேற்றிருக்கும் காவலன் என்ற கருத்தை நிலைநாட்டியது. உரிய சுற்றாடல் மதிப்பீடு இல்லாமல் அந்த ஒப்பந்தத்தைச் செய்யக்கூடாது என்று தடுத்தது. உலகச் சட்ட நூல்கள் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது. நிலைபேறு என்ற சொல்லுக்கு இந்நாட்டில் கிடைத்த மிகச் சரியான விளக்கமும் அதுதான். எப்பாவலை விவசாயிக்குக் கிடைத்த பாதுகாப்பு மன்னார் மீனவனுக்கும் கொக்கிளாய்க் கரைவலைக்காரனுக்கும் கிடைக்குமா என்பதே என் கேள்வி. வடக்கில் கிடைக்காது என்று அவநம்பிக்கையோடு ஒதுங்குவது எளிது. அதற்காக வழக்கைக் கொண்டுபோகாமல் இருக்கலாமா?

அப்படியானால் உலகம் காந்தமே இல்லாமல் வாழவேண்டுமா என்று நண்பர் கேட்பார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஏற்கெனவே தோண்டி எடுத்த அருமண்ணில் நூற்றில் ஒரு பங்குகூட மீள்சுழற்சிக்கு வருவதில்லை. பழைய கணினி வன்தட்டுகளிலும் குளிரூட்டிகளிலும் கிடக்கும் காந்தங்களைக் குப்பைமேட்டுக்கு அனுப்பிவிட்டு, புதிய கடற்கரை தேடுவது என்ன நியாயம்? ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இயற்றிய சட்டம், முக்கிய மூலப்பொருட்களில் 25 வீதத்தை 2030 அளவில் மீள்சுழற்சியால் பெறவேண்டும் என்று குறிவைத்தது, நல்ல காரியம். அதே ஐரோப்பாவில், சுவீடனின் நோரா கார் அருமண் படிவத்துக்கான அனுமதியை, ஏரித்தண்ணீர் கெடும் என்ற அயலவர்களின் முறைப்பாட்டில் 2016 இல் அந்நாட்டு நீதிமன்றம் இரத்துச் செய்தது. சுவீடன்காரனின் ஏரிக்கு ஒரு நீதி. கச்சின்காரனின் ஓடைக்கு ஒரு நீதி. தோண்டித்தான் ஆகவேண்டிய இடமும் இருக்கும். அங்கு கழிவை எந்நாளும் காக்கும் செலவை விலையில் சேருங்கள்; அதற்கான பணத்தைத் தோண்டத் தொடங்குமுன் கட்டுங்கள்; ஊர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். போர்விமானத்துக்கு அடிவிலை உறுதிகூற முடிந்த உலகத்துக்கு இது முடியாத காரியமன்று.

நண்பருக்கு நான் அனுப்பிய பதில் சுருக்கமானது. ரைற்றானியம் சாண்ட்ஸ் கம்பனியின் அலுவலகம் உங்கள் நகரத்தில்தான் இருக்கிறது. பங்குச்சந்தையில் பதிவான கம்பனி. பங்கு சில சதம் பெறாது. கொஞ்சம் வாங்குங்கள். வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போய், தலைமன்னாரிலும் பேசாலையிலும் கிணறு உவர்த்தால் யார் தண்ணீர் கொடுப்பார்கள், எத்தனை ஆண்டுகளுக்கு, அதற்கு ஒதுக்கிய பணம் எங்கே இருக்கிறது என்று எழுந்து கேளுங்கள். விடையை எனக்கு அனுப்பினால் ஒரு சொல்லும் வெட்டாமல் இங்கே போடுகிறேன் என்று எழுதினேன்.

ஆறு வாரமாகிறது. மின்னஞ்சல் வரவில்லை.